பந்து நின்றால்

ஸ்பிரே அடித்த இடத்தில் முட்டி இல்லை. பேண்டின் துணியைத் தொடுகிறேன், துணி இருக்கிறது. அதற்குக் கீழே மரக்கட்டை மாதிரி ஒன்று கிடக்கிறது, அது என்னுடையது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. கோயில்பிச்சை அண்ணாச்சி காலையில் அரை டப்பாவை அதன்மேல் அடித்துவிட்டு, “இனிமே ஆணி அடிச்சாலும் தெரியாதுல” என்றார். அவர் எங்கள் அணியின் மேலாளர். பனியன் எண்ணுவது, தண்ணீர் பிடிப்பது, ஐஸ் உடைப்பது, பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் பை நீட்டுவது எல்லாம் அவர்தான். இப்போது எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருக்கிறார். கோவைக்கு வெளியே யாரோ ஒரு முதலாளி கட்டிய பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம் இது. மரத்தரை பளபளக்கிறது, ஷூக்கள் அதன்மேல் கிறீச்சிடுகின்றன, எங்கள் ஊர் சிமென்ட் தரையில் இந்தச் சத்தம் வராது, அங்கே தோல் போகும் சத்தம்தான் வரும். மூன்றாம் இடத்துக்கான கூடைப்பந்து ஆட்டம், கடைசி குவார்ட்டர். நாங்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு முன்னால் இருக்கிறோம். எதிரணிப் பையன்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஓடும்போதே அவர்கள் முகத்தில் இரவுச் சாப்பாடு தெரிகிறது. இந்த ஆட்டத்தோடு போட்டி முடிகிறது. இதோடு என் வயதும் முடிகிறது, அடுத்த வருடம் இந்த மைதானத்தில் நிற்க விதி என்னை விடாது. சென்னையில் ஓர் அலுவலகம் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கிறது. நடப்பு ஆண்டில் பல்கலைக்கழகப் போட்டியில் களம் இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. அணிப் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. ஸ்கோர் ஷீட்டில் பெயருக்கு எதிரே, உள்ளே வந்தான் என்பதற்கான ஒரு பெருக்கல் குறி வேண்டும். நான் இந்தத் தொடர் முழுக்க இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயருக்கு எதிரே வெள்ளைக் கட்டம். கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தால் போதும், பந்தைத் தொட வேண்டாம், ஓட வேண்டாம், மூச்சுவிடக்கூட வேண்டாம். ஒரு பெருக்கல் குறி. இந்த நாட்டில் ஒருவன் பத்து வருடம் ஓடியதற்கான கணக்கு அவ்வளவு சிறிய குறியில் அடங்கிவிடுகிறது. இதை ஒரு துண்டறிக்கையில் எழுதலாம். யார் படிப்பார்கள்.

“ஏல லிங்கம்” என்கிறார் அண்ணாச்சி, வாயில் வெள்ளரியோடு. “சாரு காலைல சொன்னத உனக்குச் சொன்னேன்லா. ஞாபகம் இருக்கா.” ஞாபகம் இருக்கிறது. “அவன் வாயால ஒரு வார்த்தை கேக்கட்டும், இறக்கி விடுதேன்” என்றாராம் கோச் சாமிதுரை சார். ஒரு வார்த்தை. “சார்னு சொன்னாப் போதும்ல, பெறகு அவரே பாத்துக்கிடுவாரு. நீ என்னன்னா கல்லு மாரி உக்காந்திருக்க.” நான் கல் மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நான்கு நாற்காலி தள்ளி சாமிதுரை சாரின் பிடரி நிற்கிறது. சிவந்த, மடிப்பு விழுந்த பிடரி, காலரில் வியர்வை உப்பாகப் பூத்திருக்கிறது. அந்தப் பிடரி திரும்பாது. அதற்கும் தன்மானம் இருக்கிறது. நான் சார் என்று சொன்னால் திரும்பும். சார். ஓர் எழுத்தை நீட்டி இன்னொரு எழுத்துக்குப் புள்ளி வைத்தால் முடிந்தது. எங்கள் அப்பாவால் அதைச் சொல்ல முடிந்ததில்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் அவர் தலைவராக இருந்தபோது முதலாளியை ‘நிர்வாகம்’ என்றுதான் நேருக்கு நேரே கூப்பிடுவார், “நிர்வாகம் சொல்வது தப்பு” என்பார், எதிரில் சட்டை போட்ட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். வீட்டில் வேறு புத்தகம் கிடையாது, சங்கத்தின் துண்டறிக்கைகள்தான். மஞ்சள் தாள், ரோஸ் தாள், மை பரவிய எழுத்து. அவற்றில்தான் நான் எழுத்துக்கூட்டினேன். பள்ளியில் முதல் கட்டுரையைத் ‘தோழர்களே’ என்று தொடங்கினேன், கட்டுரை பசுவைப் பற்றியது, வாத்தியார் முட்டி போட வைத்தார். அந்த முட்டி அப்போது இருந்தது. சிமென்ட் தரையில் அது எரிந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது, அதற்கு மேலே இன்று அடித்த ஸ்பிரே மட்டும் தெரியவில்லை. அப்பா இப்போது தனியாக ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறார், சங்கத்தில் வேறு யாரும் இல்லை. பலகை இருக்கிறது. மாலையில் போய் விளக்கைப் போடுவார். இதைச் சொல்லி யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும், வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு வருமா என்று தெரியவில்லை. விசில் அடிக்கிறது. எங்கள் ஆள் ஒருவன் விழுந்து எழுந்திருக்கிறான். பந்து நின்றிருக்கிறது. பந்து நின்றால்தான் ஆள் மாற்றலாம். பிடரி அசையவில்லை. பந்து மறுபடி ஓடுகிறது.

நான் யாரிடமும் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றதில்லை. என் உயரம்தான் முதலில் போய் நின்றது. எட்டாம் வகுப்பில் வகுப்பறைக் கதவில் தலை இடித்தது, மறுநாளே பி.டி. வாத்தியார் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார், வளையத்தைக் காட்டி, “அதத் தொடுத வரைக்கும் குதி” என்றார். குதித்தேன். தொட்ட அன்று ஒரு முட்டை கொடுத்தார்கள். பிறகு விளையாட்டு விடுதி, அங்கே காலையில் இரண்டு முட்டை. பிறகு இந்தக் கல்லூரி, இலவச இடம், இலவச அறை, மெஸ்ஸில் எங்களுக்கென்று தனி மேசை, அந்த மேசையில் மற்றவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு பலகை. என் அசல் சான்றிதழ்களைச் சேர்ந்த அன்றே வாங்கி அலமாரியில் பூட்டினார்கள், வேறு கல்லூரி கூப்பிட்டால் ஓடிவிடக் கூடாதே. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தும்போது அது வலிக்கிறது என்றாவது கத்துகிறது, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு முட்டை தின்னப் போனேன். என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். முதலில் பொருளாதாரம், இப்போது வரலாறு, முதுகலை. இரண்டு வகுப்பறைகளும் எந்த மாடியில் இருந்தன என்று தெரியாது. வாத்தியார் பாடம் நடத்திய நேரத்தில் நான் வரலாற்றுக்கு வெளியே வேர்த்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போட்டி. பழனி ரோட்டில் ஒரு சின்ன ஊர், மூங்கில் கட்டிய கேலரி, மைக்கில் ஒருவர், “ஒன்பதாம் எண் பனியனில் தூத்துக்குடி தந்த தென்னை மரம் பொன்னுலிங்கம், இதோ எழும்புகிறார், இதோ எழும்புகிறார்” என்பார். நான் அப்போது எழும்பியிருக்கவே மாட்டேன். அவர் சொல்லி முடித்துவிட்டாரே என்று எழும்புவேன். பந்து கையை விட்டுப் போகும், வலை அசையும், ஒரு கூட்டம் ஒரே தொண்டையாகக் கத்தும். அந்தக் கத்தலில் என் பெயர் இருந்தது. அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். படத்தில் சத்தத்தை அணைத்துவிட்டது மாதிரி வாய்கள் மட்டும் திறக்கின்றன. அண்ணாச்சி, “வெள்ளரி வேணுமால” என்கிறார். வேண்டாம் என்கிறேன். “உப்பு போட்டிருக்கு.” வேண்டாம் அண்ணாச்சி.

வெள்ளைப் பனியனில் நிஸ்தார் பந்தை எடுத்து வருகிறான். மேலப்பாளையத்துக்காரன், இரண்டாம் வருடம், அணியில் எல்லாரையும்விடக் குட்டை, பந்து அவன் கையில் இருக்கும்போது மற்ற நான்கு பேரும் அவனுடைய விரல்கள். அவனுக்கு நான்தான் வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் அடிக்க வருவான், வாசிக்கத் தெரிந்துதான் வந்தான். ஆனால் விடுதி மெஸ்ஸில் பருப்பில் புழு மிதந்த அன்று தட்டைக் கவிழ்த்து வைக்கக் கற்றுக்கொண்டது என்னிடம். மொத்த மெஸ்ஸும் கவிழ்த்தது, வார்டன் ஒவ்வொரு தட்டாக நிமிர்த்திக்கொண்டே போனார், அவர் பின்னாலேயே நிஸ்தார் மறுபடி கவிழ்த்துக்கொண்டே போனான். போன வருடம் இதே போட்டி, வேறு ஊர். லீக் ஆட்டம் ஒன்றில் கடைசி நிமிடத்தில் சாமிதுரை சார் ஒருவனை உள்ளே அனுப்பினார், தாளாளருடைய மைத்துனர் மகன், பயிற்சிக்கு ஒரு நாள் வந்ததில்லை, அவன் ஷூவில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை. அவனுக்கும் அந்தப் பெருக்கல் குறி வேண்டியிருந்தது. இது எல்லா அணியிலும் உள்ள வழக்கம். ஆட்டம் கையில் வந்த பிறகு ஆள் ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் மாற்று ஆளின் நாற்காலியில் போய் உட்காருவான், உள்ளே இருக்கிற தோழன் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவான், பந்து நிற்கும், ஆள் இறங்குவான், குறி விழும், வேலை கிடைக்கும். மறுநாள் ஆட்டத்துக்கு முன் நாங்கள் நடுவட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். நடுவர் விசில் அடித்தார், எழுந்திருக்கவில்லை. எதிரணி சிரித்தது, எழுந்திருக்கவில்லை. அறிவிப்பாளரின் மைக்கை நான் வாங்கினேன். பயிற்சியில் ஓடாதவன் ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்றேன். அவ்வளவு அணிகளுக்கும் அவ்வளவு வாத்தியார்களுக்கும் முன்னால், “சரி, ஒத்துக்கிடுதேன்” என்று சாமிதுரை சார் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, பார்த்தேன், நன்றாக இருந்தது. ஊருக்கு வந்து ரோஸ் தாளில் அச்சடித்து மெஸ் சுவரில் ஒட்டினோம். பயிற்சியில் ஓடாதவன் எவனும். எவனும் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது நான்.

நான் ஓடி இரண்டு மாதமாகிறது. பயிற்சியின் கடைசி நிமிடம், பக்கத்தில் யாரும் இல்லை, சாதாரணமாக எழும்பிச் சாதாரணமாக இறங்கினேன். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் கேட்டது. யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். வலித்ததா என்று டாக்டர் கேட்டார். சத்தம்தான் கேட்டது என்றேன். தசைநார் போயிற்று, அறுவை செய்தால் சரியாகும், அரசு ஆஸ்பத்திரியில் முறை வர மழைக்காலம் ஆகும். முட்டி திரும்பி வரும். வருடம் வராது. விளையாட்டுக் காயங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று கல்லூரி சொன்னது, நிறுவனம் என்றுதான் சொன்னது, அப்பா அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பன்னிரண்டு பெயர்களும் அதற்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டன, மாற்ற முடியாது. அப்படித்தான் இந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. இன்று காலை இட்லிக்கு உட்கார்ந்தபோது நிஸ்தார் தட்டோடு பக்கத்தில் வந்தான். “அண்ணே, இன்னிக்குக் கடைசி ஆட்டம். சார் ஒங்கள இறக்குனா என்ன செய்வீங்க?” வாயில் இட்லி இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். “இறங்க மாட்டேன்ல. நம்ம எழுதுனது எனக்கும் சேத்துத்தான்” என்றேன். சுற்றிலும் நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களுக்காகத்தான் குரலை உயர்த்தினேன். “அவரு கட்டாயப்படுத்தி ஒக்கார வச்சா?” “அப்போ உள்ள இருக்கிற நீங்கதான் பாத்துக்கிடணும்.” அவன் தலையை ஆட்டினான். சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது, அவன் தலையை ஆட்டிய விதத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி வந்து சாரின் செய்தியைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஸ்பிரே. அம்மா ஊரில் மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறாள், ஐஸில் கை வைத்து வைத்து விரல் நுனி அவளுக்கு எப்போதும் மரத்தே இருக்கிறது, சுடுசட்டியைத் துணி இல்லாமல் இறக்குவாள். சின்ன வயதில் அதை வித்தை என்று நினைத்தேன். “உனக்கு வேல வந்துட்டா கைய வெளிய எடுத்துருவேன்” என்று ஒரு தடவை சொன்னாள், பொங்கலுக்கு, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதை நான் துண்டறிக்கையில் எழுதவில்லை.

பிடரி. அந்தப் பிடரியை நான் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். அவரும் ஆடியவர்தான். அவர் காலத்தில் மில் அணியில் இருந்தார், மில் மூடிய அன்று வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாராம். அந்த வளையம்தான் எங்கள் கல்லூரியின் பழைய மைதானத்தில் இப்போதும் தொங்குகிறது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. அதில் பழகியவர்கள் நாங்கள் எல்லாரும் வெளியூரில் கொஞ்சம் இடப்பக்கமாகவே எறிவோம். இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். “வளையத்தக் குத்தம் சொல்லுதவன் பூராவும் சங்கம் ஆரம்பிக்கான்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை என்று சொல்வது என் வேலை இல்லை. அவர் நிர்வாகத்தின் கை. கைக்கு நல்லது கெட்டது கிடையாது, அது எட்டுகிற இடத்தைப் பிடிக்கும். இப்படி எழுதினால் அப்பா அடிக்கோடு போடுவார். ஆனால் முட்டி ஒடிந்த அன்று என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரை ஓடியதும் இந்தப் பிடரிதான், என் மோவாய் அதன்மேல் இடித்துக்கொண்டே வந்தது, உப்பு வாடை. அதை எந்தத் தாளில் எழுதுவது, எந்த வண்ணத்தில். விசில். எங்கள் ஆளை அடித்துவிட்டார்கள், இரண்டு ஃப்ரீத்ரோ. பந்து நின்றிருக்கிறது. அண்ணாச்சி வெள்ளரியைக் கீழே வைத்துவிட்டார். “ஏல, இதான் நேரம்.” ஆட்டக்காரன் கோட்டில் நிற்கிறான், பந்தைத் தரையில் தட்டுகிறான், தட்டுகிறான். வாயைத் திறக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, அதன்மேலும் யாரோ ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். சார் என்ற சொல் உள்ளே தயாராக, காய்ந்து, மடித்து வைத்த பனியன் மாதிரி இருக்கிறது. சாமிதுரை சார் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், குடிக்கவில்லை, மூடுகிறார். அவர் காத்திருக்கிறார். காது இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எனக்கு அது தெரிகிறது. நிமிடக் கடிகாரம் அசையாமல் சிவப்பாக நிற்கிறது. முதல் பந்து விழுகிறது. வாய் திறந்தே இருக்கிறது, ஈ நுழையும். இரண்டாவது பந்தும் விழுகிறது, எதிரணி எடுத்து எறிகிறது, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. “போச்சு” என்கிறார் அண்ணாச்சி, எனக்காக இல்லை, பொதுவாக. நான் வாயை மூடுகிறேன். ஒன்றும் வலிக்கவில்லை. இதுதான் வெற்றி என்று எனக்குத் தெரிகிறது, மைக்கில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும், இதோ எழும்புகிறார். அப்பா விளக்கைப் போடுவார். அம்மாவின் கை ஐஸுக்குள் இருக்கும். மீன் கம்பெனியில் இந்நேரம் இரண்டாவது டப் இறாலைக் கொட்டியிருப்பார்கள்.

“சார்.” யாரோ சொன்னார்கள். நான் நின்றுகொண்டிருக்கிறேன், ஆகவே நானாகத்தான் இருக்க வேண்டும். பிடரி திரும்பவில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, “போ” என்கிறார் சாமிதுரை சார். அவ்வளவுதான். அந்தக் குரலில் ஜெயித்தவனுடைய சத்தம் எதுவும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். இல்லாத காலை இழுத்துக்கொண்டு ஸ்கோர் மேசைக்கு நடக்கிறேன். ஸ்கோர் எழுதுகிற பெண் இந்த ஊர் மாணவி, காதில் பேனா. “ஒன்பது, மாற்று ஆள்” என்கிறேன். “அந்தச் சேர்ல உக்காருங்ணா” என்கிறாள். “பந்து நின்னாத்தானுங் உள்ள விட முடியும்.” தெரியும் என்கிறேன். “காலு என்னாச்சுங்?” ஒன்றுமில்லை என்கிறேன். அவள் பேனாவைக் காதிலிருந்து எடுத்து என் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்துக்கு மேலே, தொடாமல், தயாராகப் பிடித்துக்கொள்கிறாள். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது, நிஸ்தார் குதித்து எடுக்கிறான். நல்லவேளை, பந்து எங்களிடம். இருக்கிற நேரத்துக்கு இனி யாரும் எறிய வேண்டியதில்லை. ஜெயிக்கிற அணி பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைப் போக்கும், தோற்கிற அணி இடுப்பில் கை வைத்து நிற்கும், அதுதான் மரியாதை. எதிரணி இடுப்பில் கை வைத்துவிட்டது. கோட்டுக்கு வெளியே ஒரு தட்டு. நிஸ்தார் நிற்கும் இடத்திலிருந்து கோடு கை நீளம். அவன் என்னைப் பார்க்கிறான். மேசைக்குப் பக்கத்தில், மாற்று ஆளின் நாற்காலியில், சட்டையைக் கழற்றி ஒன்பதாம் எண்ணைக் காட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்கிறான். பிறகு சாமிதுரை சாரைப் பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், தட்டைக் கவிழ்த்துக்கொண்டே போன முகம். “நிஸ்தாரு, வெளிய தட்டுல” என்று சார் கத்துகிறார், எழுந்தே கத்துகிறார். நிஸ்தார் தலையை இல்லை என்று ஆட்டுகிறான். பந்தை இன்னும் தரையோடு ஒட்டித் தட்டுகிறான், யாரும் பறிக்காத பந்தை உடம்பால் மறைத்துக்கொண்டு, கோட்டை விட்டு விலகி நடுவட்டத்துக்குள் போகிறான். நாங்கள் போன வருடம் உட்கார்ந்த மாதிரியான வட்டம். “தட்டுல, ஏல, தட்டு.” நிஸ்தார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பாத்துக்கிடுதேன்ணே என்கிற சிரிப்பு. நான் கையைத் தூக்கினால் போதும். ஒரு விரலால் கோட்டைக் காட்டினால் தட்டிவிடுவான், நான் சொல்லி அவன் எதைத்தான் செய்யாமல் இருந்தான். கை முட்டிமேல் கிடக்கிறது. கையின் கனத்தை முட்டி உணரவில்லை, முட்டியைக் கை உணரவில்லை. ஒருவரிடம் கேட்டாகிவிட்டது. இவனிடமும் கேட்டால் நாளை இவன் எதைக் கவிழ்ப்பான். இது யோசனையா, பயமா, பெருமையா என்று பார்ப்பதற்குள் பந்து தட்டுகிற சத்தம் மட்டும் அரங்கத்தில் பெரிதாக, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. பக்கத்தில் அந்தப் பெண்ணின் பேனா கட்டத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. ஊதல் ஒலிக்கிறது.

அவள் பேனாவை மூடுகிறாள். “முடிஞ்சுதுங்ணா” என்கிறாள், அவளுக்கு வருத்தமாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறுகிறார்கள், மூன்றாம் இடத்துக்கு இவ்வளவு போதும் என்று பாதியில் இறங்குகிறார்கள். நிஸ்தார் வியர்வையோடு நேரே என்னிடம் ஓடி வருகிறான், பந்து இன்னும் இடுப்பில். “விடலண்ணே” என்கிறான், மூச்சு வாங்குகிறது. “ஒங்கள வச்சே ஒங்க பேச்ச ஒடைக்கப் பாத்தாரு மனுசன். அந்தச் சேர்ல ஒங்களப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. எப்படிண்ணே ஒக்கார வச்சாரு, மெரட்டுனாரா?” அவன் முகத்தில் என்னுடைய துண்டறிக்கை முழுக்க இருக்கிறது, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அவனுக்குப் பின்னால் சாமிதுரை சார் இப்போதுதான் திரும்பி என்னைப் பார்க்கிறார். நான் சொல்லிவிடுவேனோ என்று பார்க்கிறாரா, சொல்லேன் என்று பார்க்கிறாரா, தெரியவில்லை. “நல்லா செஞ்ச” என்கிறேன் நிஸ்தாரிடம். “சரியாச் செஞ்ச.” அவன் பந்தை என் மடியில் வைத்துவிட்டுப் புகைப்படத்துக்கு ஓடுகிறான். சார் குனிந்து பாட்டில்களைப் பொறுக்கத் தொடங்குகிறார், அது அவர் வேலை இல்லை. கோயில்பிச்சை அண்ணாச்சி பெரிய பையை விரித்துக்கொண்டு வரிசையாகப் பனியன்களை வாங்கி வருகிறார், நனைந்து கனத்த பனியன்களைப் பிழிந்து பிழிந்து உள்ளே போடுகிறார், “என்ன நாத்தம்ல, இத வச்சுச் சட்டினி அரைக்கலாம்” என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னிடம் வருகிறார். கழற்றிக் கொடுக்கிறேன். ஒன்பதாம் எண்ணைக் கையில் வாங்கி, வழக்கம்போலப் பிழியப் போனவர் நிறுத்திக்கொள்கிறார். விரித்துப் பார்க்கிறார், முன்னும் பின்னும். பிறகு அதைப் பைக்குள் போடாமல், மேசைமேல் வைத்து, இஸ்திரி மடிப்பு எங்கே இருந்ததோ அந்த மடிப்பிலேயே மெதுவாக மடிக்கிறார். “இதத் தொவைக்க வேண்டாம்” என்கிறார்.